அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு

2022 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் கருமாதி முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை தமிழ்நாடு முழுவதும் பதினோராம் வகுப்புக்குப் பள்ளிகள் திறந்தன. இரண்டு தேதிகளும் இப்படி அடுத்தடுத்து வந்ததை நல்லவேளை என்று நினைத்தவள் நான். பதினைந்து வயதுப் பையன் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதைவிடப் பாடம், பரீட்சை, புது நண்பர்கள் என்று ஓடத் தொடங்கிவிட்டால் துக்கம் தானாகத் தணிந்துவிடும் என்று உறவினர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். புதன்கிழமை காலை, கோவையில் நான் கணித ஆசிரியையாக வேலை பார்க்கும் தனியார் பள்ளியிலேயே அவனைச் சேர்த்துவிட்டேன். மழித்த தலையில் அப்போது முடி முளைக்கக்கூடத் தொடங்கவில்லை. அந்தத் தலையோடு ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே அவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் நாங்கள் செய்த தவறுகளில் பணமாகக் கணக்கிடக்கூடியவை மட்டும் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். மற்றவற்றுக்குக் கணக்கு இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வருகிற சித்தியோ மாமாவோ அத்தையோ யாராவது இதைப் படித்தால், எங்களுக்கு யாரும் சொல்லாததை அவர்களாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நான்காவது மாடியில் மூன்று படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. கணவர் பம்பு மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேலாளர். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலை ஐந்தரைக்கு எழுவதிலிருந்து இரவு எட்டே காலுக்கு எல்லோரும் சேர்ந்து உணவு மேசையில் உட்காருவது வரை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். எட்டே காலுக்கு எல்லாக் கைபேசிகளும் ஒரு மூங்கில் கூடைக்குள் போய்விடும். "உங்க வீட்ல சத்தமே கேக்கறதில்லையே" என்று கீழ்வீட்டு அம்மா அடிக்கடி சொல்லுவார். அதை நான் பட்டமளிப்புச் சான்றிதழைப் போல மனதில் மாட்டி வைத்திருந்தேன். சத்தம் கேட்காத வீடும் சண்டை இல்லாத வீடும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் பிடிக்காததைப் பேசாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். நானும் கணவரும் அதில் பதினாறு ஆண்டுப் பயிற்சி பெற்றவர்கள்.

விபத்து ஜூன் 10 இரவு நடந்தது. திருச்சியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தஞ்சாவூர் நெடுஞ்சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கத்தில் கார் மோதிவிட்டது. பையன் போகவில்லை, மறுநாள் காலை கிரிக்கெட் போட்டி இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். பொழுது விடிவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். நாங்கள் கோவையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது பிணவறை வாசலில் அத்தானின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் மிகவும் பரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். உறவினர் என்று நினைத்தேன். வழக்கறிஞர் ஒருவருக்காக ஆள் பிடிக்கிறவர் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "பிரேதப் பரிசோதனைக்கு வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய தாள்களில், வழக்கை நடத்த அந்த வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தும் இருந்திருக்கிறது. இழப்பீட்டுத் தொகையில் நான்கில் ஒரு பங்கு கட்டணம் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்த வழக்கறிஞரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவதற்கு 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்குக் காவல்துறையும் மருத்துவமனையும் கேட்கிற கையெழுத்துகளைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போடத் தேவையே இல்லை. அழாமல் நிதானமாக இருக்கிற ஒருவர், தூரத்து உறவினராக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தாளையும் படித்த பிறகே கையெழுத்துக்குக் கொடுக்கட்டும்.

ஜூன் 20 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. இறந்து பத்தாவது நாள். மதிப்பெண் குறுஞ்செய்தியாகப் பெற்றோரின் கைபேசிக்கு வரும். அத்தானின் கைபேசி நொறுங்கிய நிலையில் காவல் நிலையத்தில் இருந்தது. அவனுடைய வகுப்பு ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார்: 500க்கு 441. வந்திருந்த கூட்டம் முழுவதும் "அவங்க பார்க்கக் கொடுத்து வைக்கலையே" என்று குரலெடுத்து அழுதது. அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவன் முகத்தில் அன்று நான் பார்த்தது துக்கம் என்றுதான் நினைத்தேன். கோபம் என்று புரிய நான்கு மாதமாயிற்று.

இப்போதும் என்னைத் தூங்கவிடாத காரியம் அடுத்தது. கருமாதி முடிந்த கையோடு, மூன்றே நாளில், அக்கா வீட்டைக் காலி செய்தோம். வாடகைக்கு விட்டால் பையனுக்கு வருமானம் என்ற நியாயம் இருந்தது. எனக்குப் பள்ளியிலும் கணவருக்கு நிறுவனத்திலும் விடுப்பு முடிந்துவிட்டது என்ற அவசரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பையனைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, புடவைகளைப் பங்கு பிரித்தோம், பாத்திரங்களைக் கட்டினோம், அத்தானின் ஸ்கூட்டரைத் தெருவில் ஒருவருக்கு 18,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். இரண்டு வருடமே ஓடிய வண்டி. நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் போயிருக்கும். ஆவணத்தை மாற்றிக் கொடுக்கச் சட்டப்படி எங்களில் யாருக்கும் அப்போது உரிமை இல்லை என்பதும், வாங்கியவர் வந்து சண்டை போட்டபோதுதான் தெரிந்தது. அக்காவின் பச்சை நிற இரும்பு பீரோவைப் பையனின் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதற்கு முன் பீரோவின் மேல்தட்டிலிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நிமிர்ந்தபோது அவன் வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

யாருக்காவது இந்த நிலை வந்தால், கதவைப் பூட்டிவிட்டு வாருங்கள். ஆறு மாத வாடகை போகட்டும். வீட்டை ஒழிக்கும் நாளில் பிள்ளை உடன் இருக்க வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவன் வாயால் சொல்ல வேண்டும். அழுக்குத் துண்டு வேண்டும் என்பான், எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் பையன் ஒரு பள்ளிப் பையும் இரண்டு துணிப் பைகளுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். பதினைந்து வருட வாழ்க்கையில் மிச்சம் அவ்வளவுதான் என்று நாங்கள் அவனுக்காக முடிவு செய்திருந்தோம்.

முதல் நாற்பது நாள் அவனைப் போல நல்ல பிள்ளை கிடையாது. சொன்ன நேரத்துக்கு எழுந்தான், தட்டைக் கழுவி வைத்தான், என் மகளுக்கு அறிவியல் படம் வரைந்து கொடுத்தான். "தேறிட்டான்" என்று தொலைபேசியில் எல்லோரிடமும் சொன்னேன். இதில் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. தமிழில் அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் ஒரே பெயர்தான். மாடிப்படியில் அவன் என்னைச் "சித்தி" என்று கூப்பிட்டபோது எதிர்வீட்டுக்காரர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் அவனுக்குத் தேவைக்கு மேல் பரிமாறினேன், தேவைக்கு மேல் சிரித்தேன், என் மகளுக்கு ஒன்று வாங்கினால் அவனுக்கு இரண்டு வாங்கினேன். மகள் இதைக் கவனித்தாள். அவனும் கவனித்திருக்கிறான், விருந்தாளிக்குத்தான் அப்படிப் பரிமாறுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒவ்வொன்றாக மாறியது. எட்டே காலுக்கு மேசைக்கு வருவதை நிறுத்தினான். "எனக்குப் பசிக்கலை சித்தி" என்பான். நள்ளிரவில் சமையலறையில் விளக்கைப் போடாமல் சோற்றையும் மோரையும் பிசைந்து நின்றபடி சாப்பிடுவான். இரண்டு மணிக்குப் பால்கனியில் நிற்பான். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில், அதாவது என் பாடத்தில், வெற்றுத்தாள் கொடுத்தான். நான் வேலை செய்யும் பள்ளியில் அவனைச் சேர்த்ததன் விளைவு அப்போதுதான் தெரிந்தது. அவன் வகுப்பில் தூங்கினாலும் ஐந்து நிமிடத்தில் எனக்குச் செய்தி வந்தது; ஆசிரியர் அறையில் அவன் பேச்சாகவே இருந்தது; நான் அவமானத்தில் வீட்டுக்கு வந்து அதைத் திரும்பவும் அவனிடம் கேட்டேன். வீட்டிலிருந்து தப்பிக்கப் பள்ளியோ, பள்ளியிலிருந்து தப்பிக்க வீடோ அவனுக்கு இல்லாமல் போயிற்று. போதாததற்கு, இரண்டு வருடக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால் சலுகை என்று சொன்னதால் கட்டியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு அவனை அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றியபோது அடுத்த வருடத்துக்கான 38,000 ரூபாய் திரும்பி வரவில்லை. இப்படி வருகிற பிள்ளைக்கு முதல் வருடம் எதுவும் நிலையில்லை. ஒரு பருவத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய், நான்கு அமர்வுகள். அவர் போட்டுக் கொடுத்தது ஒரு படிப்பு அட்டவணை. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு ஒரு தோழி சொல்லி அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போனோம். செலவு எதுவும் இல்லை. காத்திருந்தது மட்டும் மூன்று மணி நேரம். அங்கிருந்த பெண் மருத்துவர் அவனோடு தனியாகப் பேசிவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, இது நோய் இல்லை, துக்கம் என்றார். ஆனால் சிலவற்றைக் கண்காணிக்கச் சொன்னார். தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றிப் பேசுவது, நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது ஆகியவை தெரிந்தால் உடனே வரச் சொன்னார். "செத்துப்போகலாமென்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது" என்றும் சொன்னார். அன்றிரவு பால்கனியில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் யோசித்துவிட்டு, "செத்துப்போகணும்னு இல்லை சித்தி. இங்க இருக்கணும்னும் இல்லை" என்றான். நான்கு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. அந்த அக்டோபரில்தான் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி மையத்தை மத்திய அரசு தொடங்கியது. இரவு எந்நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை. பிள்ளைக்காக மட்டும் என்றில்லை, அவனைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் அழைக்கலாம் என்பது எனக்கு வெகு நாள் தோன்றவே இல்லை. எனக்கும் அக்கா இறந்துதான் போயிருந்தாள்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. முறைப்படி பார்த்தால் என் கணவரின் பங்காளி வகையில் இது துக்கமில்லை; பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் மாமியார், "நம்ம வீட்டுக்கு இல்லையே, பேத்திக்கு எதுக்குக் குறை வைக்கோணும்?" என்றார். அவன் வீட்டுக்கு அந்த வருடம் முழுவதும் பண்டிகை கிடையாது. ஒரே வீட்டில் இரண்டும் எப்படி நடக்கும் என்று பேசித் தீர்த்திருக்க வேண்டும். நான் வழக்கப்படி பேசாமல், சத்தமில்லாமல் சிறியதாகச் செய்துவிடலாம் என்று அதிரசத்துக்கு மாவு பிசைந்தேன். அவனுக்கும் ஒரு சட்டை எடுத்து மஞ்சள் தடவி அடுக்கில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டே காலுக்கு என் கணவர் அவன் அறைக்குப் போய், "கூடையில போனை வெச்சுட்டுச் சாப்பிட வா, இந்த வீட்டுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு" என்றார். அவர் குரல் உயரவில்லை, எப்போதும் உயராது. அவன் வந்து மேசையருகில் நின்று, அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்துவிட்டு, மிகவும் நிதானமாக, "சித்தப்பா, இந்த வீட்டு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு எங்கம்மா கொடுத்த மூணு லட்சம் எந்த ஒழுங்குல வருது?" என்று கேட்டான்.

2019இல் இந்த வீட்டைப் பதிவு செய்யும்போது மூன்று லட்சம் துண்டு விழுந்தது. அக்காவிடம் வாங்கினேன். கணவரிடம் சீட்டு எடுத்த பணம் என்று சொன்னேன். பெண் வீட்டாரிடம் கை நீட்டுவதை அவர் விரும்பமாட்டார் என்பது காரணம். அக்கா திருப்பிக் கேட்டதே இல்லை. ஆனால் அவளுடைய கணக்கு நோட்டில், பால் கணக்குக்கும் கேபிள் கணக்குக்கும் நடுவில், தேதியோடு எழுதி வைத்திருந்தாள். பீரோவிலிருந்து நான் எடுத்தது அந்த நோட்டைத்தான். பிற்பாடு கொடுத்துவிடலாம், யார் கண்ணிலும் பட்டு வீண் பேச்சாக வேண்டாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருட்டுக்கு அப்படியும் பெயர் வைக்கலாம்.

மாமியார் என்னைப் பார்த்தார். கணவர் யாரையும் பார்க்கவில்லை. கைகளைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள் மறுநாள் புதுத்துணி உடுத்த மாட்டேன் என்றாள். "நீ பெரியம்மாவப் பத்தி ஒரு வார்த்தைகூட ஏன் பேசறதில்லைன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். மாமியார் பொள்ளாச்சிக்குத் திரும்பும்போது, "இவனைக் கொண்டு வந்து நல்லா இருந்த குடும்பத்தைக் கலைச்சுக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றத்தார் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். சில நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். விடுதியில் சேர்த்துவிடலாமா என்று இணையத்தில் தேடிக்கூடப் பார்த்தேன். பொய்யைச் சொன்னது 2019இல் நான். அவன் அப்போது பன்னிரண்டு வயதுப் பையன். கும்பகோணத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பதாம் நாள் கணவர் பேசியது ஒரே கேள்வி: "சட்டப்படி இந்தப் பணம் இப்ப யாருடையது?" அந்தக் கேள்வியோடுதான் புது வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். அதற்குள் ஐந்து மாதம் வீணாகியிருந்தது. அவர் சொன்னவற்றில் எங்களுக்குப் பயன்பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956இன்படி மணமாகாத பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் என்றால் அப்பா, அம்மா மட்டுமே. இருவரும் இல்லாதபோது சித்தியோ பெரியப்பாவோ தாமாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள் என்பதால் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். வங்கி, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு என்று பணம் வருகிற இடம் ஒவ்வொன்றிலும் எங்களிடம் நீதிமன்ற ஆணையைக் கேட்டார்கள். அத்தானின் வைப்பு நிதிக்கு நாமினி அக்கா. அவளும் அதே இரவில் போய்விட்டதால் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிட்டது. அனாதைப் பிள்ளைகளுக்கு அந்த வைப்பு நிதியோடு இணைந்த திட்டத்தில் ஓய்வூதியம் உண்டு என்பதும், விதவை ஓய்வூதியத்தில் 75 சதவீதம் 25 வயது வரை கிடைக்கும் என்பதும், தனியாக 10டி படிவம் போட வேண்டும் என்பதும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டி, அதாவது அத்தானின் அம்மா, உயிரோடு இருந்ததால் அத்தான் பெயரிலிருந்த வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்திருந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டை விற்றுவிடலாம் என்று பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார். நீதிமன்ற அனுமதியில்லாமல் மைனரின் பங்கை விற்க முடியாது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது விபத்து இழப்பீட்டு மனு. 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் மாறியிருந்தது. எங்களுக்கு டிசம்பர் 10 கடைசி. நவம்பர் மூன்றாம் வாரத்தில்தான் வழக்கறிஞரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை, மனுதாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பது மட்டும் ஆறுதல். இன்னொன்று, இறந்தவர்களின் கைபேசி எண்களை உயிரோடு வைத்திருங்கள். வங்கிக்கும் வைப்பு நிதிக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்களுக்குத்தான் வரும். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் ரீசார்ஜை மிச்சம் பிடித்து நாங்கள் விட்டுவிட்டோம். அக்காவின் எண்ணுக்கு அவன் தினமும் இரவில் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. பிப்ரவரியில் ஒரு நாள் அக்காவின் படம் போய், யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் படம் வந்தது, அவன் எழுதியவற்றுக்குக் கீழே "யார் நீங்க?" என்று ஒரு கேள்வியும் வந்தது. அன்று முழுவதும் அவன் அறைக்கதவு திறக்கவில்லை. எண்பதாயிரத்தில் சேராத கணக்கு இது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. எங்கள் பையன் அதற்குள் வயதைத் தாண்டிவிட்டான். தகுதியுள்ளவர்கள் விட்டுவிட வேண்டாம்.

பாதுகாவலர் மனுவில் மைனருக்கு வரவேண்டிய சொத்துகள், கடன்கள் அனைத்தையும் எழுத வேண்டும். வழக்கறிஞர் பட்டியலைக் கேட்டபோது என் கணவர் அந்த மூன்று லட்சத்தையும் சொன்னார். பாதுகாவலராக வர விரும்புகிறவரே மைனருக்குக் கடன்பட்டவர் என்பது மனுவுக்கு அழகல்ல, முதலில் பணத்தைக் கட்டிவிடுங்கள் என்றார் வழக்கறிஞர். என் வளையல்களை அடகு வைத்து, கணவர் நிறுவனத்தில் முன்பணம் வாங்கி, வட்டியோடு 3,60,000 ரூபாயை அவன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட்டோம். ரசீதை அவனிடம் கொடுத்தபோது, அவன் அதைப் படித்துவிட்டு, "அம்மா வட்டி கேக்கலையே" என்றான். என் கணவர் சிரித்தார். அந்த வீட்டில் ஆறு மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. பாதுகாவலர் பொறுப்பை ஏற்கப் போகிறவர்கள் குடும்பத்துக் கொடுக்கல் வாங்கலை முதல் மாதமே பிள்ளைக்கும் தெரியும்படி எழுதி வைத்துவிடுவது நல்லது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கணக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகவே தெரியும்.

2023 ஏப்ரலில் மனு விசாரணைக்கு வந்தது. பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லத்தக்க வயதில் இருந்தால் நீதிமன்றம் அதையும் கருத்தில் கொள்ளலாம் என்று பாதுகாவலர் நியமனத்துக்கான 1890ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நீதிபதி அவனை அருகில் அழைத்தார். என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்குக் கை நடுங்கியது. பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் அவனைக் குறை சொல்ல என்னிடம் நியாயம் இல்லை. அவர் கேட்டதற்கு அவன், "சித்தி வீட்லயே இருக்கேன் சார்" என்றான். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "அம்மாவோட பீரோ பெரியப்பா வீட்ல இருக்கு. அது வேணும்" என்றான். பீரோவுக்கெல்லாம் ஆணை போட முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார்.

மே மாதம் கும்பகோணத்திலிருந்து சிறிய சரக்கு வண்டியில் பீரோ வந்தது. வாடகை 9,500 ரூபாய்; இதை நான் வீண் செலவில் சேர்க்கவில்லை. மின்தூக்கியில் நுழையவில்லை. நான்கு பேர் நான்கு மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் அறைக் கதவிலும் நுழையவில்லை. கடைசியில் வரவேற்பறையில், என் மகளின் நடனப் பரிசுகள் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்திவிட்டு அங்கே வைத்தோம். வெளிர்மஞ்சள் சுவருக்கும் அந்தக் கரும்பச்சைக்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை. அன்றிரவு கைப்பையிலிருந்த நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை, சாவியை என் கையில் கொடுத்து, "எங்க எடுத்தீங்களோ அங்கயே வைங்க சித்தி" என்றான். மேல்தட்டில் வைத்தேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

எண்ணெய் போட்டும் அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. அவன் தூக்கம் வராத இரவுகளில் அதைத் திறப்பான். பன்னிரண்டு மணிக்கும் திறப்பான், இரண்டு மணிக்கும் திறப்பான். சில நாள் நானும் எழுந்து போய் அருகில் உட்காருவேன். பங்கு பிரிக்காமல் மிஞ்சிய நான்கு புடவைகளில் எது எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று அவனுக்குச் சொல்வேன். ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா படியில் என்னை நிறுத்தி, "ராத்திரியில உங்க வீட்ல என்னமோ சத்தம் கேக்குதே?" என்று கேட்டார். "எங்க அக்கா பீரோங்க" என்றேன்.